சும்மாட்டில் இன்னொரு மடிப்பு

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் புத்தூரில் எலும்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கை ஒடிந்தவர்களும் கால் ஒடிந்தவர்களும் எந்தெந்த ஊரிலிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள வந்து இறங்குகிற இடம் இது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நொண்டிக்கொண்டு இறங்கினால் எங்கே போகவேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்பதே இல்லை. அதனால் எங்களுக்கு எலும்பு என்றால் இரண்டே நிலைதான். ஒன்று ஒடிந்தது, இன்னொன்று ஒடியாதது. ஒடியாமலே உள்ளுக்குள் கெட்டுப்போகிற எலும்பும் உண்டு என்றால் இங்கே சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படிச் சிரித்தவர்தான். கடைசிவரைக்கும் அவர் அதை நம்பவே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஆரணிப் பக்கத்துக்காரர். என்னைக் கட்டிக்கொண்டு என் ஊருக்கே வந்து, போர்வெல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை போட்டார். தெலுங்கு அவருக்குக் கடை நடத்துகிற அளவுக்குத்தான் வரும். 'இவ்வளவு ஆகும், நாளைக்கு வா' என்பதோடு சரி. வந்த புதிதில் ஊரில் எல்லோருக்கும் அவர் 'ஆரணியான்'. மாமனார் வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்கிற இளக்காரம் வேறு. டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள் இருந்தால் அவருக்காக யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள்.

அதை மாற்றியது அவருடைய உயரம். எங்கள் தெருமுனையில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். உற்சவர் வீதிக்கு வருகிற நாட்களில் பல்லக்குத் தூக்க ஆள் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது பக்தியை அல்ல, தோளை. ஒரே தண்டைத் தாங்குகிற ஜோடிக்குத் தோள் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒருவர் உயரம், ஒருவர் கட்டை என்றால் பாரம் முழுக்க உயரமானவர் தோளில் இறங்கிவிடும். கட்டையானவர் சும்மா தொட்டுக்கொண்டு நடக்கலாம். பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒருவர் நல்ல நெட்டை; அவருக்கு ஏற்ற ஜோடி ஊரில் கிடைக்காமல் இருந்தது. என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு தோளிலும் ஒரு கம்பை வைத்தால் ஆடாமல் நின்றது. அன்றைக்குத் தண்டுக்கடியில் போனவர் வெளியே வரும்போது ஊர்க்காரர் ஆகிவிட்டார். ஆரணியான் என்ற பெயர் எப்போது நின்றதென்று எங்களுக்கே தெரியாது.

தண்டு உறுத்தாமல் இருக்கத் தோளில் வைக்கிற துணி மெத்தையை இங்கே சும்மாடு என்பார்கள். அவருடையதை நான்தான் தைத்தேன். வீட்டில் ப்ளவுஸ் தைப்பது என் தொழில். என் பழைய சேலை ஒன்றை மடித்து உள்ளே வைத்து, மேலே காடாத்துணி போட்டு, ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். கல்யாணத்தன்று பட்டு வேட்டிக்குக்கூட அப்படி நின்று பார்த்தவர் இல்லை.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. இழுப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். யாரோ சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு சரியாகிவிடும். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பெரிய டாக்டர் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. பல வருஷம் அந்த மாத்திரை எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி இருந்தது. அதுதான் எலும்பைத் தின்றது என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்த மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டு எரித்தேன். எரித்து என்ன பிரயோசனம்!

ஒருநாள் காலி கேஸ் சிலிண்டரை நகர்த்தியபோது முதுகில் கடக்கென்று ஒரு சத்தம். நிறைந்த சிலிண்டர்கூட இல்லை, காலி. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் எல்லாம் கட்டுப் போட இட்டுக்கொண்டு போகலாம் என்றார்கள். முதுகுத்தண்டுக்கு என்ன கட்டுப் போடுவது? திருப்பதிக்குக் கூட்டிப்போனேன்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொன்னார். ஊசி இல்லை, குழாய் இல்லை. ஒரு மேசையில் படுக்கவைத்தார்கள். மேலே ஒரு கை மாதிரியான மெஷின் மெதுவாகப் போய் மெதுவாக வந்தது. முடிந்தது என்று எழுப்பிவிட்டார்கள். பில்லைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு மாசம் மெஷினை மிதித்தால் வருகிற காசு. இலவச சிகிச்சைக்கான அரசாங்கக் கார்டை நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது அவுட் பேஷன்ட் ஸ்கேன் அம்மா, கார்டுல வராது."

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் தெலுங்கில் சொன்னார்: "எமுகலு குல்லபாரிபோயாயி."

நான் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், எனக்குப் புரிந்துவிட்டது. எலும்பெல்லாம் உள்ளுக்குள் பொந்து விழுந்து கூடாகிவிட்டது என்கிறார். தெலுங்கில் குல்ல என்றால் உள்ளீடற்றது. முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். ஆனால் என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குள்ளமா? யாரு, நானா? சார், எங்க தெருவுல என் ஒசரத்துக்கு ஒத்தன்தான் சார் கீறான்."

டாக்டருக்குத் தமிழ் புரிந்தது, சிரித்துவிட்டார். அழுவதற்குத் தயாராக இருந்த நானும் சிரித்தேன். பிறகு டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளை மாத்திரையை விட்டுவிட்டு இழுப்புக்கு மூச்சு மருந்து இழுக்கவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை குளுக்கோஸ் மாதிரி ஒரு ஊசி ஏற்றவேண்டும். கால்சியம் சாப்பிடவேண்டும். பாரம் தூக்கவே கூடாது. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் இதே ஸ்கேன், இதே மெஷினில். ஊசி வேலை செய்கிறதா, வேறு மருந்துக்கு மாறவேண்டுமா என்பது அதில்தான் தெரியும் என்றார். 'இதே மெஷினில்' என்பதை அவர் அழுத்திச் சொன்னதை நான் கவனித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வடமாலபேட்டை தாண்டுகிறவரைக்கும் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"குள்ளமாம்மே நானு! டாக்டரு உக்காந்துகினு இருந்தாரு, நான் நின்னப்ப அவரு பாக்கல."

"குள்ளம் இல்லய்யா, குல்ல. உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"அது ஒனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியுமே" என்றார். பின் சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் அது விளையாட்டுப் பேச்சாகிவிட்டது. குப்பம் டவுனில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் பெண் போன் பண்ணினால் "நைனா எப்டி கீது?" என்று அப்பாவை விசாரிப்பாள். "உங்க நைனா குள்ளமாய்க்கினே வராரு" என்பேன் நான். அந்தப்பக்கம் அவள் சிரிப்பாள், இந்தப்பக்கம் அவரும் சிரிப்பார்.

முதல் ஊசி போட்டோம். உடம்பெல்லாம் காய்ச்சல் மாதிரி வலித்துப் பிறகு சரியானது. இரண்டாவது வருஷமும் போட்டோம். ஊசிக்குக் காசு கொடுக்க அவர் முணுமுணுத்ததே இல்லை. ஸ்கேனுக்குத்தான் மூக்கால் அழுதார்.

"ஊசி ஒடம்புக்குள்ள போவுது, சரி. போட்டோ புடிக்க எதுக்குமே காசு? அதுல ஒடம்புல இன்னா ஏறுது?"

"மோட்டாரு கட்டிட்டு டெஸ்ட் பண்ணாம குடுப்பியா நீ?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குக் கஸ்டமரு காசு குடுக்கறான். இங்க நானே மோட்டாரு, நானே கஸ்டமரு."

வாய்க்கு வாய் பதில் சொல்வதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. இருந்தாலும் நான் விடவில்லை. தைத்த கூலியில் ஸ்கேனுக்கென்று எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தேன். இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில் டின்னில் போதுமான அளவு சேர்ந்துவிட்டது.

அப்போது பார்த்து எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச எலும்பு முகாம் போட்டார்கள். மைக் கட்டிய ஆட்டோ இரண்டு நாள் தெருத்தெருவாகச் சுற்றியது. அவர் என்னிடம் சொல்லாமலே போய்விட்டு வந்தார். ஒரு பெட்டிக்குள் குதிகாலை வைத்துப் பார்த்தார்களாம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்ட ஒரு அட்டையில் மஞ்சளில் டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"பாத்தியா? செவப்பு இல்ல, மஞ்சா. தேறிக்கினு வருது. அந்தக் காசுல நீ ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கு. எப்பப் பாரு ஊசி ஒடிஞ்சிக்கினே கீது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதே மெஷினில் என்று டாக்டர் சொன்னாரே என்றேன். எலும்பு ஒண்ணுதானே, எந்த மெஷினில் பார்த்தால் என்ன என்றார். எனக்கும் அந்த மஞ்சள் நிறத்தை நம்ப ஆசையாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவானது. அட்டையை அவர் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்.

எனக்கு அவரோடு தீராத சண்டை ஒன்றே ஒன்றுதான், பல்லக்கு. பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. தூக்கவில்லை, சும்மா கூட நடக்கிறேன் என்பார். சும்மா நடக்கிறவருக்கு எதற்கு சும்மாடு? ஒவ்வொரு உற்சவத்துக்கும் முன்னால் அதைக் கொண்டுவந்து என் தையல் மெஷின்மேல் வைப்பார்.

"இன்னொரு மடிப்பு வச்சித் தைச்சிக் குடுமே. உறுத்துது."

வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். திட்டிக்கொண்டேதான் பிரிப்பேன். திட்டிக்கொண்டேதான் இன்னொரு பழைய சேலையைக் கிழித்து உள்ளே வைப்பேன். மெல்லியதாக வைத்தால் அவர் தோள்தானே நோகும்?

அவர் கொஞ்சம் கூனிவிட்டார் என்பது தெரிந்தது. நாள் முழுக்கக் குனிந்து காயில் கட்டுகிறவர் கூனாமல் என்ன செய்வார் என்று விட்டுவிட்டேன். சட்டை தொளதொளவென்று நின்றது. இளைத்துவிட்டார் என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். ஊரில் பாதிப் பெண்களுக்கு அளவெடுக்கிறவள் நான். கூடவே இருக்கிற மனுஷனுக்கு யார் டேப் பிடிப்பார்கள்?

கடைசியாக அவர் போனது கருட சேவைக்கு. எங்கள் வாசலில் கருட வாகனம் நின்று, தீபாராதனை ஆகி, மறுபடியும் கிளம்புகிற நேரம். சும்மாட்டை வைத்துக்கொண்டு, தண்டின் கீழ் நின்று, ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. சாமி முன்னால் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"யோவ், டாக்டர் இன்னா சொன்னாரு? முதுகு ஒடிஞ்சாதான் நிறுத்துவியா நீ?"

மேளம்கூட ஒரு நொடி தடுமாறியது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெஞ்சல் இருந்தது.

"சத்தியமா தூக்கலமே" என்றார்.

பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பொண்டாட்டி கத்துவதற்கு வெட்கப்பட்டுக் குனிகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, பாத்ரூம் வாசலில் அவர் விழுந்தார். விழுந்ததுகூட இல்லை, உட்கார்ந்த மாதிரி சாய்ந்தார். இடுப்பில் தொடை எலும்பு ஒடிந்துவிட்டது. திருப்பதிக்கு ஆம்புலன்ஸில் போனோம். இந்த முறை கவுன்டரில் கார்டைக் கொடுத்தேன், உடனே வாங்கிக்கொண்டார்கள். ஆபரேஷன், கட்டில், மருந்து எல்லாம் கார்டிலேயே வந்துவிடும் என்றார்கள். எலும்பு ஒடிவதற்கு முன்னால் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத கார்டு அது. ஒடிந்தபிறகு எவ்வளவு மரியாதை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடித் தடுப்பை உடைத்திருப்பேன்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டாவது ஸ்கேன் எங்கே என்றார். குப்பத்திலிருந்து வந்த பெண்ணைப் புத்தூர்க் கடைக்கு அனுப்பி எடுத்துவரச் செய்து, அந்த மஞ்சள் அட்டையை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. குதிகாலில் பார்ப்பது, யாருக்குச் சந்தேகம் இருக்கிறது என்று பொறுக்கி எடுக்கத்தான், போட்ட ஊசி பலித்ததா என்று அது சொல்லாது என்றார். முதுகெலும்பில் இன்னும் சில இடம் அமுங்கியிருக்கிறதாம். ஊசி போதவில்லை, முன்பே தெரிந்திருந்தால் வேறு மருந்து இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். அட்டையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் படுத்தபடியே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. ஏற்கெனவே இழுப்புக்காரர். பெண்ணும் நானும் மாறி மாறி முதுகைத் தட்டிக்கொடுத்தோம். ஒருநாள் மத்தியானம் ரசம் சாதம் கேட்டார். "ரெண்டு வாய் துன்னா போதும்" என்றார். நான் கேன்டீனுக்குப் போய் வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பொட்டலத்தை என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, பெண் குப்பத்துக்குப் போன பிறகு, மார்கழி பிறக்கிற சமயத்தில் பஞ்சர் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் சும்மாடு.

"அண்ணி, இது அண்ணனுது. கோயில்லயே இருந்துச்சி. குடுக்கலாம்னு வந்தேன்."

கையில் வாங்கினேன். நான் தைத்ததுதான். ஆனாலும் மொத்தமாகக் கையில் பிடித்துப் பார்த்தபோது தலையணை மாதிரி இருந்தது. நான்கு விரல் கனம்.

"இத்தினி மொத்தமா வச்சிக்கிற அளவுக்கா வலிச்சிது அவருக்கு?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைக் காலால் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"வலிக்கு இல்ல அண்ணி."

"பின்ன எதுக்கு?"

"தண்டு அவரு தோளுக்கு எட்டல. மொத ஊசி போட்ட வருஷமே கொஞ்சூண்டு எறங்கிட்டாரு. அப்பால எறங்கிக்கினே போனாரு. தோளுக்கும் தண்டுக்கும் நடுவுல சந்து தெரியுது, ஊரு பாக்கும்னு சும்மாட்ட ஏத்திக்கினே வந்தாரு. பாரம் ஏறாது, தண்டு சும்மா தொட்டுக்கினு இருக்கும்."

சும்மாட்டின் கனத்தை மறுபடியும் விரலால் அளந்தேன்.

"அப்போ அவரு பங்கு பாரம்?"

"எங்க போவும்? பக்கத்துல நான் கீறேன் இல்ல?" என்றார். பிறகு, "பங்கு இன்னா பங்கு அண்ணி. கை வச்சிருந்தாரு, அது போதாதா?" என்றார்.

இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அழுதேன். அவரும் அழுதார்.

"ஸ்கேன் எடுண்ணான்னு எத்தினியோ வாட்டி சொன்னேன் அண்ணி. எடுத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்டா, கோயில்லயும் தெரிஞ்சிடும், மறுபடியும் ஆரணியான் ஆயிடுவேன்னாரு. அண்ணிகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

காசு காசு என்று அவர் பேசியதெல்லாம் சாக்கு. ஸ்கேனில் என்ன வரும் என்று அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. வருஷா வருஷம் அந்தச் சந்து சொல்லியிருக்கிறது. நம்பாதவர் மாதிரி எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு, குள்ளம் குள்ளம் என்று நாங்கள் கேலி செய்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, அந்த மனுஷன் உள்ளுக்குள் எப்படி இருந்தாரோ! அட பாவி மனுஷா, ஆரணியான் என்று இனிமேல் உன்னை யார் சொல்லியிருப்பார்கள்? இந்த ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் ஞாபகம்கூட இல்லையே.

பஞ்சர் கடைக்காரர் கிளம்பிப் போனபிறகு சும்மாட்டின் ஒரு ஓரத்தைப் பிரித்தேன். மேலே போன வருஷத்துச் சேலை. அதற்கடியில் நீலத்தில் பூப்போட்டது. அதற்கும் அடியில், முதன்முதலில் வைத்த என் பழைய மஞ்சள் சேலை. எல்லாம் என் கையால் மடித்தது. மறுபடியும் தைக்க ஊசியில் நூல் கோக்கப் பார்த்தேன். கண் தெரியவில்லை. அப்படியே சுருட்டி அரிசி டின்னுக்குள் வைத்தேன். ஸ்கேனுக்குச் சேர்த்த காசு அதில் அப்படியே இருந்தது.

வைகுண்ட ஏகாதசிக்குப் பல்லக்கு எங்கள் தெருவுக்கு வந்தது. நான் வாசலுக்குப் போகாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஞ்சர் கடைக்காரர் பக்கத்தில் புதிதாக ஒரு ஆள். நல்ல உயரம், தண்டு இரண்டு தோளிலும் சரியாக உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் கழித்துப் பஞ்சர் கடைக்காரர் முதுகை நிமிர்த்தி நடந்தார். எனக்குக் கருட சேவை அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு வந்து முன்னால் நின்றது. தெருவே பார்க்க என்னிடம் உண்மையைச் சொன்னார். சத்தியமா தூக்கலமே என்றார். நான்தான் அன்றைக்கு அதை நம்பாமல், அர்ச்சகர் திருப்பிக் கொடுத்த தட்டைக்கூட வாங்காமல், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.